பெடலின் ஒலியும் அதன் விலையும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கிட்டாருக்கும் ஆம்புக்கும் இடையே இணைத்து ஒலியை மாற்றும் கிட்டார் பெடல்களைப் பற்றியவை. ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்ததால், அவற்றிலிருந்து ஐந்து கடிதங்களைத் தேர்ந்து விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ட்யூப் ஸ்க்ரீமர் வகையைச் சேர்ந்த இரண்டு ஓவர்டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்கும்) பெடல்களைக் கடையில் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்தேன். ஒன்றின் விலை 4,000 ரூபாய், மற்றொன்று 11,000 ரூபாய். விலை கூடியதன் ஒலி அங்கே நிறைவாகக் கேட்டதால் அதையே வாங்கி வந்தேன். வீட்டில் என்னுடைய 10 வாட் ஆம்பில் இணைத்தால் அந்த நிறைவைக் காணவில்லை. மூக்கடைத்தவர் பேசுவது போல் ஒலிக்கிறது. நான் ஏமாந்துவிட்டேனா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: உங்களை யாரும் ஏமாற்றியதாக எனக்குத் தோன்றவில்லை. கடையில் அவ்விரண்டு பெடல்களும் ஒரே ஒலியளவில் இருந்தனவா என்று யாராவது பார்த்தார்களா? பார்த்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். ஒரே ஒலியைச் சற்றே உரக்கக் கேட்டால் அது நிறைவாக இருப்பதாக நமக்குத் தோன்றும். மெல்லிய ஒலியில் நம் காது பேஸையும் மிக உயர்ந்த ட்ரெபிளையும் குறைவாகவே உணர்கிறது. ஒலியளவு கூடும்போது அவை மேலெழுந்து வருகின்றன. இரண்டு டெசிபல் வேறுபாட்டை "இது உரக்க ஒலிக்கிறது" என்று நாம் அடையாளம் காண்பதில்லை, "இது நல்ல பெடல்" என்றே எடுத்துக்கொள்கிறோம்.

ஆகவே எந்தப் பெடலைச் சோதித்தாலும், அது அணைந்திருக்கும்போதும் எரியும்போதும் ஒலியளவு ஒன்றாக இருக்கும்படி முதலில் அதன் லெவல் (வெளியே வரும் ஒலியளவு) குமிழைத் திருப்பி நிறுத்துங்கள். கைபேசியில் கிடைக்கும் டெசிபல் செயலி ஒன்றே போதும். அது காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும், கைபேசியை ஒரே இடத்தில் வைத்து ஒன்றோடொன்றை ஒப்பிட உதவும். இரண்டாவது பெடலையும் அதே அளவுக்குக் கொண்டுவந்த பிறகு டிரைவ் (கரகரப்பின் அளவு) குமிழுக்கு வாருங்கள். எல்லாக் குமிழ்களையும் 12 மணி நிலையில் நிறுத்தி ஒப்பிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதனால் பயன் எதுவும் இல்லை, ஏனெனில் குமிழின் நடுநிலைக்கு எவ்வளவு மிகைப்பு (ஒலியைப் பெருக்கும் அளவு) என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்திருக்கிறார். இரண்டிலும் ஒலி ஒரே அளவு கரகரக்கும் வரை காதால் கேட்டுத்தான் திருப்ப வேண்டும்.

இன்னொரு குறையும் இருக்கிறது. பிடித்த பெடலில் நாம் நம்மை அறியாமலே நன்றாக வாசித்துவிடுவோம். ஆகவே ஒரு லூப்பரில் (வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கும் கருவி) எட்டு மாத்திரை அளவுக்கு எந்தப் பெடலும் இல்லாமல் வாசித்துப் பதிந்து, அந்தப் பதிவு திரும்பத் திரும்ப ஓடும்போது அதைப் பெடலுக்குள் அனுப்புங்கள். நண்பர் பெடலை மாற்ற, நீங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து எது எது என்று பத்து முறை எழுதிப் பாருங்கள். பத்தில் ஐந்தாறு முறைதான் சரியாக வருகிறது என்றால் அது வெறும் ஊகம். அந்த வேறுபாட்டுக்காக 7,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கத் தேவையில்லை.

மூக்கடைத்த ஒலிக்கு வேறு காரணம் உண்டு. இவ்வகைப் பெடலின் முதல் நிலையில் 4,700 ஓம் மின்தடை ஒன்றும் 0.047 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும் சேர்ந்து, ஏறத்தாழ 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிக்கு மிகைப்பைக் குறைத்துவிடுகின்றன. அடுத்த நிலை ட்ரெபிளை மழுக்குகிறது. எஞ்சி நிற்பது நடு ஒலி. டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் முழங்கும் மேடையில் கிட்டார் அமுங்கிப் போகாமல் கேட்பதற்குக் காரணமே இந்த நடு ஒலிதான். தனி அறையில் வாசித்தால் அதே பண்பு குறையாகத் தெரிகிறது. மேலும், வால்வு ஆம்ப் (பழைய பாணிக் கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் ஆம்ப்) ஒன்றை இன்னும் கொஞ்சம் தள்ளிவிடுவதில்தான் இப்பெடலின் சிறப்பு முழுமையாக வெளிப்படும். அமெரிக்க ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் இதை டிரைவ் குறைவாகவும் லெவல் மிகுதியாகவும் வைத்து, ஏற்கெனவே உரக்க ஒலித்துக்கொண்டிருந்த வால்வு ஆம்புகளுக்கு முன்னால் பயன்படுத்தினார். உங்கள் 10 வாட் ஆம்பில் தள்ளிவிடுவதற்குப் பெரும்பாலும் வால்வு இருக்காது. பெடலைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன், குழுவோடு ஒரு முறை வாசித்துப் பாருங்கள்.

கேள்வி: 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் செய்யப்பட்ட ஐபனீஸ் டிஎஸ்9 (TS9) ட்யூப் ஸ்க்ரீமர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. உள்ளே அசல் ஜேஆர்சி 4558டி சிப் இருப்பதாகச் சொல்லி, புதிய பெடலின் விலையைப் போல் நான்கு மடங்கு கேட்கிறார்கள். அதற்கு முந்தைய மாடலான டிஎஸ்808-ஆக மாற்றித் தருவதற்குத் தனிக் கட்டணமாம். அந்த ஒலி இன்றைய பெடலில் வராதா?
– மென்பொறியாளர், சென்னை

பதில்: வரும். இதை ஊகமாகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பலகையில் சிப்புக்குப் பதிலாகச் சாக்கெட் பற்றவைத்து, மூன்று வெவ்வேறு நிறுவனங்களின் 4558 சிப்புகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, மேலே சொன்ன முறையிலேயே லூப்பரை ஓடவிட்டு, குழுவில் உள்ள நால்வரைக் கேட்கச் செய்தேன். ஒருவராலும் சிப்பை அடையாளம் காண முடியவில்லை. இந்தச் சுற்றில் ஒலியின் முனையைச் சீவிக் கரகரப்பைத் தருபவை சிப்பின் பின்னூட்டப் பாதையில் எதிரெதிராக வைக்கப்பட்ட இரண்டு சிலிக்கான் டயோடுகள். டிரைவ் குமிழைக் கடைசி வரை திருப்பினாலும் அந்த நிலையின் மிகைப்பு ஏறத்தாழ 118 மடங்குதான். அந்த அளவு வேலையை 4558 வகையைச் சேர்ந்த எந்தச் சிப்பும் சிரமமின்றிச் செய்துவிடும்.

டிஎஸ்808-ஆக மாற்றுவது என்றால் என்ன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பின்மூடியின் நான்கு திருகுகளைக் கழற்றினால் பச்சைப் பெட்டிக்குள் ஒரு சிறு பலகை தெரியும். அதில் வெளியீட்டுக்கு அருகே, டிஎஸ்9-இல் 470 ஓம் மின்தடையும் ஒரு லட்சம் ஓம் மின்தடையும் இருக்கும். டிஎஸ்808-இல் அவ்விடங்களில் 100 ஓமும் 10,000 ஓமும் இருக்கும். இவ்விரண்டையும் மாற்றுவதே பெரும்பாலும் அந்தக் "கட்டண" வேலை. இரண்டு மின்தடைகளும் சேர்த்துச் சில ரூபாய்தான். அடுத்துள்ள ஆம்பின் உள்ளீட்டு மின்தடை ஏறத்தாழ 10 லட்சம் ஓம் இருக்கும்போது, அதற்கு முன்னால் 100 ஓம் இருந்தாலும் 470 ஓம் இருந்தாலும் காதுக்கு எட்டும் மாற்றம் அரிது. டிரைவ் குமிழாக இருக்கும் மாறுமின்தடை குறித்த அளவிலிருந்து 20 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது தொழிற்சாலைகளே ஏற்றுக்கொள்ளும் வழக்கம். ஆகவே ஒரே வாரத்தில் செய்த இரண்டு பெடல்கள் தமக்குள் வேறுபடும் அளவு, டிஎஸ்9-க்கும் டிஎஸ்808-க்கும் உள்ள வேறுபாட்டை விடப் பெரிதாக இருக்க முடியும்.

நானும் ஒரு காலத்தில் இந்த ஆசைக்கு உட்பட்டவன். அசல் என்று உறுதி கூறிய ஒருவரிடம் பழைய டிஎஸ்9 ஒன்றை வாங்கினேன். ஓராண்டு கழித்துக் குமிழைச் சுத்தம் செய்யத் திறந்தபோது, பலகை முழுவதும் ஈயப் பற்று மங்கிச் சாம்பல் நிறமாக இருக்க, சிப்பின் எட்டுக் கால்களில் மட்டும் அது பளபளவென்று இருந்தது. சுற்றிலும் பற்றவைக்கப் பயன்படும் ஃப்ளக்ஸின் புதிய பழுப்புக் கறை. சிப்பை யாரோ பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள். அந்த ஓராண்டு முழுவதும் அதன் ஒலியை நான் மெச்சிக்கொண்டுதான் இருந்தேன். ஒலியில் எனக்கு எந்த நட்டமும் இல்லை. கொடுத்த பணத்தில் பாதி மட்டும் போய்விட்டது. நீங்கள் பழைய பெடலைச் சேகரிப்புப் பொருளாக விரும்பினால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒலிக்காகத்தான் என்றால் புதியதை வாங்கி, மிச்சப் பணத்தை ஆம்புக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் க்ளான் சென்டார் என்ற ஓவர்டிரைவ் பெடல் மட்டும் ஏன் பல லட்சத்துக்கு விற்கிறது? முதலீடாக ஒன்றை வாங்கி வைக்கலாமா?
– வங்கி ஊழியர், சிங்கப்பூர்

பதில்: அமெரிக்காவின் பில் ஃபினகன் 1994 முதல் ஏறத்தாழ 15 ஆண்டுகள் தம் கையால் செய்து விற்ற பெடல் அது, மொத்தம் 8,000 அளவில்தான் செய்யப்பட்டன. நல்ல சுற்று என்பதில் ஐயமில்லை. கரகரத்த ஒலியோடு தூய ஒலியையும் கலந்து தருவது, 9 வோல்ட்டை உள்ளேயே உயர்த்திக்கொள்வது, ஜெர்மானியம் டயோடுகளைப் பயன்படுத்துவது, அணைந்திருக்கும்போதும் தரமான பஃபராக (நீண்ட கேபிளில் ஒலி மழுங்காமல் காக்கும் சிறு சுற்று) இயங்குவது என அதில் கற்றுக்கொள்ளப் பலவும் உண்டு. பிறர் படியெடுக்காமல் இருக்கப் பலகையின் மேல் ரெசினை ஊற்றி மூடியிருந்தார். பிற்பாடு அந்த ரெசினைச் சுரண்டி எடுத்துச் சுற்றை வரைந்துவிட்டார்கள். இன்று அதே சுற்றில் எத்தனையோ பெடல்கள் வந்துவிட்டன. ஃபினகனே கேடிஆர் என்ற பெயரில் சிறிய பெடல் ஒன்றை வெளியிட்டார்.

ஆக, அந்த ஒலி இன்று அரிதான பொருள் அல்ல. அந்தப் பெட்டியும், அதைச் செய்த கையும், எண்ணிக்கையுமே அரிது. ஓவியமோ நாணயமோ வாங்குபவர் எந்தக் கண்ணோடு பார்ப்பாரோ அந்தக் கண்ணோடு பார்ப்பவருக்கே அந்த விலை பொருந்தும். முதலீட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வாசிக்காமல் பெட்டிக்குள் பூட்டி வைப்பதற்காக ஒரு இசைக்கருவியை வாங்கச் சொல்ல என் மனம் இடம் தரவில்லை என்பதும் ஒரு காரணம்.

கேள்வி: ஒலியை முரட்டுத்தனமாகக் கரகரக்கச் செய்யும் ஃபஸ் ஃபேஸ் வகையில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் உள்ள பெடல் ஒன்று வைத்திருக்கிறேன். விடியற்காலையில் வீட்டில் வாசிக்கும்போது இனிமையாக இருக்கிறது. சித்திரை மாதத்தில் திறந்தவெளி மேடையில் அதே பெடல் திக்கித் திக்கி ஒலித்து, ஸ்வரம் பாதியிலேயே அறுந்துவிட்டது. பழுதா?
– கிட்டார் கலைஞர், மதுரை

பதில்: பழுது இல்லை, வெயில். இந்தக் கடிதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, ஏனெனில் ஒரு பெடலின் மதிப்பு அது வாசிக்கப்படும் ஊரையும் பொறுத்தது என்பதை இது காட்டுகிறது.

லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் 1966-இல் ஃபஸ் ஃபேஸை வெளியிட்டபோது உள்ளே இருந்தவை என்கேடி275 என்ற ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். ஜெர்மானியத்தில், யாரும் கேளாமலே ஒரு சிறு மின்னோட்டம் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி உயரும்தோறும் அக்கசிவு இரட்டிப்பாகிறது. 20 டிகிரி அறையில் அளந்து பார்த்துச் சரிசெய்யப்பட்ட சுற்று, 40 டிகிரி வெயிலில் மேடையின் கரிய பலகைத் தரையில் கிடக்கும்போது நான்கு மடங்கு கசிவைச் சுமக்கிறது. டிரான்சிஸ்டரின் பயஸ் (அது சரியாக இயங்குவதற்கு நிலைநிறுத்தும்) மின்னழுத்தம் இருக்க வேண்டிய இடத்தை விட்டு நகர்ந்துவிடுவதால், மெல்லிய ஸ்வரம் கடந்து போக முடியாமல் நடுவே அறுந்துவிடுகிறது. நிழலில் பத்து நிமிடம் வைத்து மீண்டும் வாசித்துப் பாருங்கள். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். பிற்பாடு வந்த ஃபஸ் ஃபேஸ்களில் பிசி108 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டர்கள் இடம்பெற்றன. அவற்றின் ஒலி சற்றுக் கூர்மையானது, ஆயினும் வெயிலுக்கு அசையாது. நம் ஊரில் மேடையில் வாசிப்பவருக்கு அதிக விலையுள்ள ஜெர்மானியத்தை விடச் சிலிக்கானே மதிப்பு மிக்கது என்பது என் கருத்து. ஜெர்மானியத்தைத்தான் விரும்புகிறீர்கள் என்றால், பயஸைத் திருத்தும் குமிழ் வெளியிலேயே உள்ள பெடலாகத் தேர்ந்தெடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். ஃபஸ் ஃபேஸின் உள்ளீட்டு மின்தடை மிகக் குறைவு. அது கிட்டாரின் பிக்கப்போடு (கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பகுதி) நேரடியாகச் சேர்ந்து இயங்கும்போதுதான், கிட்டாரின் வால்யூமைக் குறைத்தால் ஒலி தெளிந்து வரும் அந்த அழகு கிடைக்கும். ஆகவே அதற்கு முன்னால் பஃபர் உள்ள வேறு பெடலை வைக்காதீர்கள். அடுத்து, பழைய பாணி ஜெர்மானியம் சுற்றுகள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே தரையாக இருக்கும். மற்றப் பெடல்களோடு ஒரே அடாப்டரின் கிளைக் கம்பியில் இணைத்தால் ஷார்ட் ஆகிவிடும். தனி அடாப்டரோ பேட்டரியோதான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தேவாலய இசைக்குழுவில் ஏழு பெடல்களை வரிசையாக இணைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் அணைத்தாலும் கிட்டாரின் துலக்கம் போய்விடுகிறது, இரைச்சலும் இருக்கிறது. எல்லாப் பெடல்களையும் விற்றுவிட்டு விலை உயர்ந்த ட்ரூ பைபாஸ் (அணைத்தால் ஒலி உள்சுற்றைத் தொடாமல் நேரே கடந்துவிடும்) பெடல்களாக வாங்கச் சொல்கிறார் நண்பர். அத்துடன், பழைய பெடல் வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும் என்றும் சொல்லுங்கள் ஐயா.
– திருச்சிராப்பள்ளி வாசகர்

பதில்: விற்காதீர்கள். ஏழும் ட்ரூ பைபாஸாக இருந்தால் துலக்கம் இன்னும் குறையும். கிட்டார் கேபிள் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்கம் கொண்டது. கிட்டாரிலிருந்து 6 மீட்டர், பெடல்களுக்கு இடையே 2 மீட்டர், ஆம்புக்கு 6 மீட்டர் என்றால் 1,400 பிகோஃபாரட் ஆகிறது. 2.5 ஹென்றி அளவுள்ள சிங்கிள் காயில் பிக்கப் ஒன்று 600 பிகோஃபாரட்டோடு சேரும்போது அதன் ஒத்திசைவு உச்சம் (ஒலி மிகவும் எடுப்பாக இருக்கும் இடம்) ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸில் நிற்கும். 1,400 பிகோஃபாரட்டில் அது 2,700-க்கு இறங்கிவிடும். நீங்கள் இழந்த துலக்கம் இதுதான். வரிசையின் தொடக்கத்தில் நல்ல பஃபர் ஒன்று இருந்தால், பிக்கப் முதல் 6 மீட்டரை மட்டும் பார்க்கும். எஞ்சியதை பஃபர் சுமந்துகொள்ளும். பாஸ் நிறுவனத்தின் வழக்கமான சிறு பெடல்களில் பஃபர் உள்ளேயே இருக்கிறது. 1978 முதல் இன்றுவரை உற்பத்தியில் உள்ள டிஎஸ்-1 (DS-1) டிஸ்டார்ஷனை முதலில் இணைத்து அணைத்து வைத்தாலே போதும், வேறுபாடு கேட்கும்.

இரைச்சலுக்கு அடாப்டரைச் சந்தேகியுங்கள். பெரும்பாலான பெடல்கள் 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ் என்ற அமைப்பில் இருப்பதால் ஒரே அடாப்டரில் எல்லாவற்றையும் கோத்துவிடுகிறோம். ஓவர்டிரைவ் ஒன்றுக்குப் பத்து மில்லியாம்பியர் அளவே போதுமானது. எதிரொலி தரும் டிஜிட்டல் டிலேயோ, அரங்கின் முழக்கத்தைத் தரும் ரிவெர்போ 100, 200 மில்லியாம்பியர் கேட்பதுண்டு, அதன் கடிகாரச் சத்தமும் கிளைக் கம்பி வழியாக ஓவர்டிரைவுக்குள் நுழைந்து பெருகிவிடும். டிஜிட்டல் பெடல்களுக்கு மட்டும் தனி அடாப்டர் கொடுத்துப் பாருங்கள்.

பழைய பெடலைப் பொறுத்தவரை, குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்பும் ஜாக்கின் தளர்ச்சியும் சில நூறு ரூபாய்க்குள் சரிசெய்யக்கூடியவை. அவற்றுக்காக நல்ல பெடலை ஒதுக்க வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஓவர்டிரைவ், டிஸ்டார்ஷன் பெடல்களில் பெரும்பாலும் எந்தப் பாகமும் சந்தையில் கிடைக்கும். பழைய அனலாக் டிலேக்கள் வேறு கதை: அவற்றில் எம்என்3005 போன்ற, உற்பத்தி நின்றுபோன சிப்புகள் இருக்கும். அது செத்தால் அசல் சிப்புக்கு அலைய வேண்டும். ஆகவே டிலே நேரத்தைக் கடைசி வரை கூட்டி, எதிரொலி சிதையாமல் தேய்ந்து மறைகிறதா என்று கேட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள். பேட்டரி அறையைத் திறந்து பச்சைப் பூஞ்சை போன்ற அரிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். போகும்போது புதிய 9 வோல்ட் பேட்டரி ஒன்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; விற்பவரின் அடாப்டரில் இரையும் பெடல் பேட்டரியில் அமைதியாகிவிட்டால் பழுது அடாப்டரில் இருக்கிறது, பேட்டரியிலும் இரைந்தால் பெடலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.